எறிந்து பார்த்து அறிந்த அணு

1909-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் இருட்டறை. உள்ளே போனவுடன் வேலையைத் தொடங்கிவிட முடியாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், துத்தநாக சல்ஃபைடு பூசிய சின்னத் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிமுனை அளவுக்குப் பொறி தட்டும். ஒவ்வொரு பொறியும், கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் ஒன்று வந்து மோதியதற்கு அடையாளம். அவற்றை ஒன்று விடாமல் எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் பூத்துப்போகும். அப்போது இன்னொருவர் வந்து உட்கார வேண்டும்.

எண்ணியவர்கள் இருவர். ஹான்ஸ் கைகர் ஜெர்மன்காரர். இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அவரிடம் நிறைய இருந்தது. எர்னெஸ்ட் மார்ஸ்டனுக்கு வயது இருபது. பட்டப்படிப்பையே இன்னும் முடிக்கவில்லை. ஆய்வகத்தின் தலைவர் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டுக்கு இப்படி உட்கார்ந்து பொறி எண்ணுவது ஒத்துவராது. நியூசிலாந்தில் பிறந்தவர், உரத்த குரல்காரர், முந்தைய ஆண்டுதான் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியிருந்தார். பையனுக்கு ஆய்வு பழகட்டும் என்று அவர் ஒரு வேலை கொடுத்தார்: உலோகத் தகட்டின்மேல் பாயும் ஆல்ஃபா துகள்களில் ஏதாவது முன்பக்கமாகவே திரும்பி வருகிறதா, பார். அப்படி எதுவும் வராது என்றுதான் அவரே நினைத்திருந்தார்.

வந்தது. பிளாட்டினத் தகட்டில் ஏறத்தாழ எட்டாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் துகள்கள் திரும்பி வந்தன.

இதில் என்ன அதிசயம் என்று புரிய, பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1897-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்முனையிலிருந்து ஒரு கதிர் கிளம்பும். அதை அவர் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து, அந்தக் கதிரிலுள்ள துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைத்தது. குழாயில் எந்த வாயு மிச்சமிருந்தாலும், முனை எந்த உலோகமாக இருந்தாலும் அதே விடைதான். அந்தத் துகள் ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இலேசாக இருக்க வேண்டும் என்று தாம்சன் முடிவுக்கு வந்தார். இன்றைய அளவீட்டில் புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப்போல் 1836 மடங்கு. பிளக்கவே முடியாதது என்று வேதியியலார் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அணுவுக்குள் அதைவிடச் சிறிய ஒன்று இருக்கிறது என்றார் தாம்சன். கேட்டவர்களில் சிலர் அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தார்களாம்.

எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். அணு முழுவதற்கும் மின்னூட்டம் இல்லை. அப்படியானால் அதை ஈடுகட்டும் நேர் மின்னூட்டம் எங்கே? அணு முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கிறது, அதற்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது தாம்சனின் யூகம். அந்த நாளில் அது நியாயமான யூகம்தான். ஆனால் அப்படிப் பரவிக் கிடக்கும் மின்னூட்டத்துக்கு, நொடிக்குப் பதினையாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் ஆல்ஃபா துகளைத் திருப்பி அனுப்பும் வலு கிடையாது. கொஞ்சம் திசை மாற்றலாம், அவ்வளவுதான். எட்டாயிரத்தில் ஒன்று திரும்பியது என்றால் கணக்கு உதைக்கிறது.

 இதற்கு ரூதர்ஃபோர்டு போட்ட கணக்குதான் சுவையானது. ஆல்ஃபா துகளின் வேகம் தெரியும், நிறை தெரியும், மின்னூட்டம் தெரியும். தகடு தங்கம் என்று வைத்துக்கொள்வோம். நேருக்கு நேர் வருகிற துகளை நிறுத்தித் திருப்ப வேண்டுமென்றால், தங்க அணுவின் மின்னூட்டம் அத்தனையும் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும். துகள் அந்த இடத்தை மீட்டரில் முப்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு தூரம்வரை நெருங்கிய பிறகே திரும்பியிருக்க வேண்டும். அணுவின் குறுக்களவோ மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கையொட்டியது. ஆக, அணுவின் நிறையெல்லாம் அதன் நடுவே ஒரு புள்ளியில் ஒடுங்கியிருக்கிறது. 1911-இல் இதை வெளியிட்டபோது அந்தப் புள்ளியின் மின்னூட்டம் நேரா எதிரா என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சிதறும் கோணத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை ஒரு சூத்திரமாக மட்டும் தந்தார். அதைச் சரிபார்க்கக் கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குள் போனார்கள். 1913-இல் அவர்கள் கட்டுரை வந்தபோது எண்ணி முடித்திருந்த பொறிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். சூத்திரம் சரியாக இருந்தது.

அந்தப் புள்ளிதான் அணுக்கரு. தங்க அணுவை இருநூறு மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால் அதன் கரு ஒரு சென்டிமீட்டர் வரும். அணுவின் நிறையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்கம்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அணுவின் உள்ளமைப்பை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்க்கவும் முடியாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. 1980களில் வந்த சில நுண்ணோக்கிகள் அணுக்களை வரிசை வரிசையான புடைப்புகளாகக் காட்டும். அந்தப் புடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டா. இதுவரை நமக்குக் கிடைத்த முக்கிய வழி இதுதான்: எதையாவது எறி, எங்கே தெறிக்கிறது என்று எண்ணு, உட்கார்ந்து கணக்குப் போடு. அணுவைப் பற்றிப் பழங்காலத்திலும் பலர் சிந்தித்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ், இங்கே கணாதர். சிந்தனைக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம். ஆனால் எறிந்து பார்த்து எண்ணியதையும் சிந்தித்ததையும் ஒரே தராசில் வைத்து, எல்லாம் அப்போதே தெரியும் என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ரூதர்ஃபோர்டின் அணுவுக்கு உடனே ஒரு சிக்கல் வந்தது. நடுவே கரு, சுற்றிலும் எலக்ட்ரான் என்றால், சுற்றுகிற எலக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்க வேண்டும். அன்றைய இயற்பியல்படி, நொடியில் பத்தாயிரம் கோடியில் ஓரிரு பங்குக்குள் அது கருவில் விழுந்து அணு அழிந்துபோக வேண்டும். அப்படி நடக்கவில்லை என்பதற்கு நாமே சாட்சி. 1913-இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர் துணிந்து ஒரு விதி போட்டார்: எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள் மட்டுமே உண்டு, ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி வரும். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் நிறங்கள் அந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்தின.

நம் பள்ளிப் புத்தகங்களில் இன்றும் வட்டம் வட்டமாக வரைந்து எலக்ட்ரான்களைப் புள்ளி வைக்கிறோமே, அது போரின் அந்தப் படம்தான். மதிப்பெண்ணுக்குப் போதும். இயற்பியலார் 1926 வாக்கிலேயே அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எர்வின் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் எலக்ட்ரானுக்குப் பாதை கிடையாது. கருவைச் சுற்றி எந்த இடத்தில் அது அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். அந்த வாய்ப்பின் பரவலைத்தான் எலக்ட்ரான் மேகம் என்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. “அணுவில் 99.99 சதவீதம் வெற்றிடம், ஆகவே நீங்களும் நானும் வெறும் வெற்றிடம்” என்று வாட்ஸ்அப்பிலும் ஆன்மிகச் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி கேட்கிறோம். அது அரைகுறை உண்மை. எலக்ட்ரானைச் சின்னக் குண்டுமணியாக நினைத்தால்தான் அணு காலியாகத் தெரியும். எலக்ட்ரான் மேகமோ அணு முழுவதையும் நிறைத்து நிற்கிறது. மேசைமேல் வைத்த கை மேசைக்குள் இறங்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்று வோல்ஃப்காங் பாலி 1925-இல் கண்ட விதி, கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒன்றின்மேல் ஒன்று படிய விடாது. மின் விலக்கமும் சேர்ந்துகொள்கிறது.

கருவுக்குத் திரும்புவோம். அதற்குள் எவ்வளவு நேர் மின்னூட்டம்? இதற்கு விடை சொன்னவர் ஹென்றி மோஸ்லி. 1913, 14-இல் ஒவ்வொரு தனிமமாக எடுத்து அது உமிழும் எக்ஸ் கதிரை அளந்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கதிரின் அதிர்வெண்ணுடைய வர்க்கமூலம் ஒரே சீரான படிகளில் ஏறியது. அந்தப் படி எண்தான் அணு எண்; கருவின் மின்னூட்டம். கோபால்ட் அணு நிக்கலைவிடச் சற்றே கனமானது. அப்படியிருந்தும் தனிம அட்டவணையில் கோபால்ட் முன்னால் நிற்பது ஏன் என்ற பழைய குழப்பம் அன்றோடு தீர்ந்தது. கோபால்ட் 27, நிக்கல் 28. வரிசை எடையைப் பொறுத்தது அல்ல. 43, 61 போன்ற எண்களுக்கு உரிய தனிமங்கள் இன்னும் அகப்படவில்லை என்றும் மோஸ்லி சுட்டிக் காட்டினார்; பின்னால் அவை கிடைத்தன. முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27.

கருவின் அந்த மின்னூட்டத்தைத் தாங்குவது எது என்பதையும் ரூதர்ஃபோர்டுதான் எறிந்து கண்டுபிடித்தார். போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் அரசு வேலைக்கு நடுவே, நைட்ரஜன் வாயுவுக்குள் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார். ஹைட்ரஜனின் கருக்கள் தெறித்து வந்தன. உள்ளே போட்டது நைட்ரஜன். வெளியே வந்தது ஹைட்ரஜன் கரு. அப்படியானால் எல்லாக் கருக்களும் அதைக் கொண்டே கட்டப்பட்டிருக்க வேண்டும். 1919-இல் இது வெளியானது. மறு ஆண்டு அந்தத் துகளுக்குப் புரோட்டான் என்று பெயர் வைத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் கணக்கு உதைத்தது. ஹீலியத்தின் மின்னூட்டம் இரண்டு புரோட்டான் அளவு, நிறையோ நான்கு. மிச்ச இரண்டு எங்கிருந்து வந்தது? கருவில் நான்கு புரோட்டான்களும், அவற்றில் இரண்டின் மின்னூட்டத்தை அடக்க இரண்டு எலக்ட்ரான்களும் இருக்கின்றன என்று அன்று சமாளித்தார்கள். நைட்ரஜனில் அந்தச் சமாளிப்பு செல்லவில்லை. 14 புரோட்டான், 7 எலக்ட்ரான் என்றால் மொத்தம் 21, ஒற்றைப்படை. தற்சுழற்சி என்ற பண்பு ஒற்றைப்படை எண்ணிக்கைக்கு அரையில் முடியும், இரட்டைப்படைக்கு முழு எண்ணில் முடியும். நைட்ரஜன் கருவை அளந்தால் முழு எண் வந்தது.

மின்னூட்டமே இல்லாத ஒரு துகள் கருவில் இருக்கலாம் என்று ரூதர்ஃபோர்டு 1920-லேயே சொல்லியிருந்தார். அப்போது கேவண்டிஷுக்கு மாறியிருந்த அவருக்குக் கீழே வேலை பார்த்த ஜேம்ஸ் சாட்விக் அதை விடாமல் தேடிக்கொண்டிருந்தார். சாட்விக்கின் கதையே தனி. முதல் உலகப் போர் மூண்டபோது பெர்லினில் மாட்டிக்கொண்டு, போர் முடியும்வரை ரூலேபன் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். அங்கேயும் குதிரை லாயத்தில் ஓர் ஆய்வகம் அமைத்து, அக்கால ஜெர்மனியில் விற்ற கதிரியக்கப் பற்பசையை வைத்துச் சோதனை செய்தார்.

1932 ஜனவரியில் பாரிசிலிருந்து ஒரு செய்தி. ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் பெரிலியத்தின்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினால் வரும் மர்மக் கதிரைப் பாரஃபின் மெழுகின்மேல் விட்டார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் அதிவேகமாகத் தெறித்தன. மர்மக் கதிர் காமா கதிர், அதாவது ஒருவகை ஒளி என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். சாட்விக் நம்பவில்லை, ரூதர்ஃபோர்டும் நம்பவில்லை. ஒளியால் ஒரு புரோட்டானை அந்த வேகத்தில் தள்ள வேண்டுமென்றால் அதற்குச் சுமார் ஐந்து கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பெரிலியத்திலிருந்து அவ்வளவு கிடைக்க வழியே இல்லை. மெழுகுக்குப் பதில் நைட்ரஜனை வைத்தால் அதே கதிருக்கு அதைவிடவும் கூடுதல் ஆற்றல் வேண்டியிருந்தது. ஒரே கதிர் ஆளுக்கு ஆள் ஆற்றலை மாற்றிக் காட்டாது.

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு காய் தன் எடையே உள்ள இன்னொரு காயை நேராக அடித்தால், அடித்த காய் நின்றுவிடும்; அடிபட்டது அதே வேகத்தில் ஓடும். மெழுகில் இருப்பது நிறைய ஹைட்ரஜன், அதாவது தனிப் புரோட்டான்கள். வந்து அடிப்பது புரோட்டானின் நிறையே உள்ள, மின்னூட்டம் இல்லாத துகள் என்று வைத்துக்கொண்டால் ஹைட்ரஜனின் கணக்கும் நைட்ரஜனின் கணக்கும் ஒருசேரச் சரியாகிவிடுகின்றன. சரியான தூக்கம் இல்லாமல் உழைத்து, பிப்ரவரி 17 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்குச் சாட்விக் ஒரு கடிதம் அனுப்பினார். நியூட்ரான் இருக்கக்கூடும் என்பதுதான் தலைப்பு. 1935-இல் அவருக்கு நோபல் பரிசு. பாரிஸ் தம்பதியருக்கும் அதே ஆண்டு வேறொரு கண்டுபிடிப்புக்காகப் பரிசு கிடைத்தது. ஆனாலும் நியூட்ரான் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது போனதுதான்.

இப்போது நைட்ரஜனில் 7 புரோட்டான், 7 நியூட்ரான். மொத்தம் 14, இரட்டைப்படை. ஒரே மின்னூட்டமுள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறிவிடாமல் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற கேள்விக்கும் வழி பிறந்தது. மிகக் குறுகிய தூரத்தில் மட்டும் செயல்படும் வலிய விசை ஒன்று புரோட்டானையும் நியூட்ரானையும் வேறுபாடின்றி இறுக்கிப் பிடிக்கிறது.

இந்த எண்களெல்லாம் காகிதத்தோடு நிற்பவை அல்ல. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரியத்தின் கருவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் நியூட்ரான்கள் 143 ஆகும். பிறகு அவற்றில் ஒன்று எலக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டுப் புரோட்டானாக மாறும். சில வாரங்களில் இன்னொன்றும் மாறும். இப்போது 92 புரோட்டான், 141 நியூட்ரான். 92 என்றால் யுரேனியம். நிறை எண் 233. தோரியம் அணு உலை எரிபொருளாகிவிட்டது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய ‘காமினி’ என்ற சிறிய ஆய்வு உலை இந்த யுரேனியம்-233-ஐத்தான் எரிக்கிறது. அதில் வரும் நியூட்ரான்களைக் கொண்டு பொருள்களின் உள்ளே படம் பிடிக்கிறார்கள். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களோடு மோதும். அதனால் எலக்ட்ரான்கள் மிகுந்த ஈயம் போன்ற உலோகங்களில் தடைபடும். நியூட்ரான் எலக்ட்ரானைக் கண்டுகொள்ளாமல் உலோகத்தைத் தாண்டிப் போய், ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் சிதறும். உலோகக் கூட்டுக்குள் அடைத்த பொருளை எக்ஸ் கதிரால் காண முடியாதபோது இது காட்டிக்கொடுக்கும்.

தனியாக வெளியே வந்த நியூட்ரானுக்கு ஆயுள் குறைவு. சராசரியாகக் கால் மணி நேரத்துக்குள் அது புரோட்டானாக மாறிவிடுகிறது. கருவுக்குள் இருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு; தோரியத்தில் பார்த்ததுபோல் அங்கும் சில கருக்களில் மாறுவதுண்டு.

அடுத்த எறிதல் அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் மூன்று கிலோமீட்டர் நீள முடுக்கி ஒன்றில் எலக்ட்ரான்களை விரட்டி, 1960களின் இறுதியில் புரோட்டான்மேல் எறிந்தார்கள். மான்செஸ்டரில் நடந்த அதே கதை: எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் தெறித்தன. புரோட்டானுக்குள்ளும் கடினமான புள்ளிகள் இருந்தன. 1964-இல் மரே கெல்மனும் ஜார்ஜ் ஸ்வெய்க்கும் தனித்தனியாகக் கணக்கில் எழுதியிருந்த குவார்க்குகள் அவை. புரோட்டானில் இரண்டு ‘அப்’, ஒரு ‘டௌன்’. நியூட்ரானில் ஒரு ‘அப்’, இரண்டு ‘டௌன்’. அப்பின் மின்னூட்டம் நேர் 2/3, டௌனுடையது எதிர் 1/3. கூட்டிப் பாருங்கள்: புரோட்டானுக்கு 1, நியூட்ரானுக்கு 0. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகிய மூவருக்கும் இதற்காக 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நிறையைக் கூட்டினால் மறுபடி இடிக்கிறது. மூன்று குவார்க்குகளின் நிறையைச் சேர்த்தால் புரோட்டானின் நிறையில் ஒரு சதவீதம்தான் தேறும். மற்றதெல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைக் கட்டிவைக்கும் விசைப்புலத்திலும் அடங்கிய ஆற்றல்; ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஆற்றலுக்கும் நிறை உண்டு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து இருபது கிராம்கூட இல்லை. குவார்க்குகளின் சொந்த நிறை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மீதி ஐம்பத்தொன்பது கிலோவும் ஆற்றல்தான்.

எலக்ட்ரானுக்குள் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று எவ்வளவோ எறிந்து பார்த்தாயிற்று. இதுவரை எதுவும் அகப்படவில்லை. புரோட்டானில்தான் பாக்கி நிறைய இருக்கிறது. அதன் தற்சுழற்சி குவார்க்குகளின் சுழற்சியிலிருந்து வருகிறது என்று நம்பியிருந்தார்கள். 1980களின் இறுதியில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் அளந்தபோது குவார்க்குகளின் பங்கு மிகக் குறைவாக வந்தது. இன்றைய மதிப்பீட்டிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எஞ்சியதைக் கண்டுபிடிக்க, நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் எதிரெதிரே விட்டு மோதச் செய்யும் புதிய முடுக்கியை அமைக்கும் பணி நடக்கிறது.